இந்த செட்டிங் யாருடையது?

எக்செலில் கணக்கு எழுதும் அலுவலகங்களில் ஒருவராவது இதில் மாட்டியிருப்பார். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ஷீட்டில் இன்று ஒரு எண்ணை மாற்றினால், கீழே இருக்கும் மொத்தம் அசையவே அசையாது. ஃபார்முலா அப்படியே இருக்கிறது, அதில் தப்பும் இல்லை, அந்த செல்லுக்குள் போய் என்டர் தட்டினால் அது மட்டும் சரியாகிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பழைய பேக்கப்பைத் தேடுவார்கள், சிலர் எக்செலையே அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுவார்கள். கணக்கிடும் முறை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்குப் போயிருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். எஃப்9 தட்டினால் மொத்தம் சரியாகிவிடும்.

யார் மாற்றியது என்று கேட்டால் அறையில் இருக்கும் எல்லோரும் ‘நான் தொடவே இல்லை’ என்பார்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். எக்செலில் கணக்கிடும் முறை என்பது திறந்திருக்கும் எல்லா ஃபைல்களுக்கும் சேர்த்து ஒன்றுதான். அது எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் முதலில் திறந்த ஃபைல். ஒவ்வொரு ஃபைலும் சேவ் ஆகும்போது அப்போது நடப்பில் இருக்கும் முறையைத் தனக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. எங்கோ ஒருவர் பெரிய ஷீட்டில் மேக்ரோ (பல வேலைகளைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்) ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; வேகத்துக்காக மேக்ரோவின் தொடக்கத்தில் கணக்கை மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் கடைசி வரியில் திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்குவது வழக்கம், நடுவில் எர்ரர் வந்து மேக்ரோ நின்றுபோனால் அந்தக் கடைசி வரி ஓடாது. அவர் கவனிக்காமல் சேவ் செய்து மெயிலில் அனுப்பிவிடுகிறார். நீங்கள் காலையில் முதல் வேலையாக அந்த ஃபைலைத் திறக்கிறீர்கள், அப்புறம் உங்கள் சொந்தக் கணக்கைத் திறக்கிறீர்கள், அதுவும் மேனுவலிலேயே திறக்கிறது, சேவ் செய்ததும் அதற்குள்ளும் அந்தக் குறிப்பு ஏறிவிடுகிறது. மறுநாள் அதை முதலில் திறப்பவருக்கும் இதே கதை.

இப்போது மெனுவைப் பாருங்கள். ஆப்ஷன்ஸ், அதில் ஃபார்முலாஸ் பக்கம், அங்கே ‘ஒர்க்புக் கால்குலேஷன்’ என்று தலைப்பு. படிக்கிற எவருக்கும் இது இந்த ஒரு ஃபைலுக்கான செட்டிங் என்றுதான் தோன்றும். அதே டயலாக் பெட்டியில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய்க் கீழே உருட்டினால் ‘இந்த ஒர்க்புக்கைக் கணக்கிடும்போது’ என்ற பொருளில் இன்னொரு தலைப்பு வரும், பக்கத்திலேயே எந்த ஃபைல் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியலும் இருக்கும். தேதிகளை 1900க்குப் பதிலாக 1904லிருந்து எண்ணும் வசதி அங்கேதான் இருக்கிறது. அது நிஜமாகவே அந்த ஃபைலுக்கு மட்டும் உரியது. ஒரு ஃபைலில் அது ஆன் ஆகியிருந்து, அங்கிருந்து தேதிகளைக் காப்பி செய்து ஆன் ஆகாத இன்னொரு ஃபைலில் ஒட்டினால், எல்லாத் தேதியும் 1,462 நாள் பின்னோக்கிப் போகும், அதாவது நான்கு வருஷமும் ஒரு நாளும். அதே பக்கத்தின் உச்சியில், என்டர் அடித்தால் கர்சர் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்ற செட்டிங் இருக்கிறது; அது ஃபைலுக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஆக ஒரே பெட்டிக்குள் மூன்று வகை. உங்களோடு இருப்பது, ஃபைலோடு பயணம் செய்வது, எக்செல் மூடும்வரை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது. மூன்றும் ஒரே மாதிரி செக்பாக்ஸ், ஒரே எழுத்து, ஒரே நிறம்.

டெக்னிக்கல் மென்பொருளின் மெனு குழப்புகிறது என்று சொல்லும்போது நாம் வழக்கமாகக் குறை சொல்வது, தேடுவது கிடைக்கவில்லை, மூன்று டேப் தாண்டி ஒளிந்திருக்கிறது என்பதைத்தான். அது எரிச்சல்தான், ஆனால் ஒருமுறை கண்டுபிடித்தால் தீர்ந்தது. என் கணக்கில் அதைவிடப் பெரிய தொல்லை, கண்டுபிடித்து மாற்றிய பிறகும் அந்த மாற்றம் எதுவரை செல்லும் என்று தெரியாமல் நிற்பது. இந்த ஃபைலுக்கா, இந்த ப்ராஜெக்டுக்கா, என் லாகினுக்கா, இந்த மெஷினில் உட்காரும் எல்லோருக்குமா, அல்லது ஆபீஸ் ஐடி ஆள் மேலே எங்கோ வைத்த பூட்டு நான் செய்ததை மதிக்கவே போவதில்லையா? ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு உரிமையாளர் உண்டு. பெரும்பாலான மெனுக்கள் அந்த ஒன்றைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொல்கின்றன.

ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு, அதை எழுத உதவும் எக்லிப்ஸ் என்ற மென்பொருள் ஞாபகம் வரும். விண்டோஸில் பழைய எக்லிப்ஸ் பதிப்புகளில் ஃபைல்களின் இயல்பான என்கோடிங், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, சிபி1252. அதில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. கோடுக்குள் ஒரு தமிழ் வாக்கியத்தைப் போட்டு சேவ் செய்யப் போனால், சில எழுத்துகளை இந்த என்கோடிங்கில் எழுத முடியாது என்று மறித்து நிற்கும். சரி, தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8க்கு மாற்றலாம் என்றால் எங்கே மாற்றுவது? விண்டோ மெனுவில் பிரிஃபரன்சஸ், ஜெனரல், ஒர்க்ஸ்பேஸ் என்று போனால் ஒர்க்ஸ்பேஸ் (உங்கள் ப்ராஜெக்டுகள் எல்லாம் இருக்கும் இடம்) முழுவதற்கும். ப்ராஜெக்டை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், ரிசோர்ஸ் போனால் அந்த ப்ராஜெக்டுக்கு. ஒரு ஃபைலின் ப்ராப்பர்டீஸில் அந்த ஃபைலுக்கு மட்டும். இதற்கு நடுவில் கண்டென்ட் டைப்ஸ் என்று ஒரு பக்கம், அங்கே ஃபைல் வகைவாரியாக. நாலு இடம், ஒன்றை இன்னொன்று வெல்லும். ஒர்க்ஸ்பேஸில் மாற்றிவிட்டு, அந்த ப்ராஜெக்டில் ஏற்கெனவே வேறு மதிப்பு எழுதியிருப்பது தெரியாமல் ‘மாற்றினேனே, ஏன் வேலை செய்யவில்லை’ என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு அடுக்கு இருப்பதில் தப்பே இல்லை, நிஜமான தேவை அது. ஜெயித்தது எந்த அடுக்கு என்பதை நாலு பக்கத்தையும் திறந்து நாமே கணக்குப் போடவேண்டியிருப்பதுதான் தப்பு.

இதில் பழைய கணக்கு மென்பொருளான டாலி.ஈஆர்பி 9ஐக் கொஞ்சம் பாராட்டவேண்டும். எஃப்11 தட்டினால் வருவது அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியது, எஃப்12 தட்டினால் வருவது அங்கே வைத்திருக்கும் எல்லாக் கம்பெனிக்கும் பொருந்துவது. இரண்டு கீ, இரண்டு உரிமையாளர். எந்தத் திரையில் நின்று எஃப்12 தட்டுகிறோமோ அந்தத் திரைக்கான செட்டிங் மட்டும் எதிரே வரும். டாலி கிளாஸில் ‘எஃப்11ல ஆன் பண்ணியாச்சா’ என்பது எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிற கேள்வி! அந்தக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. பில்வாரியாகப் பாக்கி பார்க்க வேண்டுமென்றால் எஃப்11ல் அந்த வசதியைத் திறந்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு லெட்ஜருக்குள்ளும் போய் ‘யெஸ்’ கொடுக்கவேண்டும், முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் ஒன்றும் நடக்காது. ஆனாலும் எங்கே தேடுவது என்ற திசையாவது தெரிகிறது.

சரி, ஏன் இப்படி ஆகிறது? வடிவமைத்தவர்களுக்கு அறிவில்லை என்பது சுலபமான பதில், பெரும்பாலும் தப்பான பதிலும்கூட. மென்பொருளின் மெனுவை யாரும் மொத்தமாக உட்கார்ந்து வடிவமைப்பதில்லை. அது வருஷாவருஷம் சேர்ந்துகொண்டே போகிறது.

விண்டோஸை எடுத்துக்கொள்வோம். கண்ட்ரோல் பேனல் 1985ல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்தது. பிறகு அது ஒவ்வொரு துண்டும் தனி சிபிஎல் ஃபைலாக வளர்ந்தது: மவுஸுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று. வெளி நிறுவனங்களும் தங்கள் துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம், பிரின்டர்காரரும் சவுண்டு கார்டுகாரரும் தாராளமாகச் சேர்த்தார்கள். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது தொடுதிரைக்கு ஏற்ற மாதிரி ‘பிசி செட்டிங்ஸ்’ என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார்கள், 2015ல் விண்டோஸ் 10ல் அது ‘செட்டிங்ஸ்’ ஆனது. அன்றிலிருந்து இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்துகின்றன. புதிய செட்டிங்ஸில் மவுஸ் பக்கத்துக்குப் போங்கள், கீழே ‘அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்’ என்று ஒரு இணைப்பு இருக்கும், அமுக்கினால் பழைய காலத்துச் சாம்பல் பெட்டி திறக்கும். சவுண்டிலும் அப்படியே. புதிய மெனுவில் ‘மோர்’ என்றோ ‘அடிஷனல்’ என்றோ ஒரு வார்த்தை தென்பட்டால் பல சமயம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இதை இன்னும் மாற்றி எழுதவில்லை.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கம் ஒன்றில் கண்ட்ரோல் பேனலைப் படிப்படியாகக் கைவிட்டுக்கொண்டிருப்பதாக எழுதியது. செய்தி பரவியதும் அந்த வரியையே மாற்றி, அதிலுள்ள பல செட்டிங்குகள் செட்டிங்ஸுக்குப் போய்க்கொண்டிருப்பதாக மென்மையாக்கினார்கள். ஏன் இவ்வளவு தயக்கம்? எல்லோரும் தினமும் தொடுகிற விஷயங்கள் முதலிலேயே இடம் மாறிவிட்டன. மிச்சம் இருப்பவை எல்லாம் எழுதுவதற்குச் சிரமமானவை, தொடுகிறவர்கள் குறைவு. ஆனால் அந்தக் குறைவான ஆட்கள்தான் ஐடியில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுடைய ஸ்கிரிப்ட், பயிற்சிக் கையேடு, விரல் பழக்கம் எல்லாமே பழைய பெட்டியை நம்பி நிற்கின்றன. இடமாற்றம் பாதியில் நிற்பதால் அதிகம் அடிபடுவது, மெனுவை அதிகம் பயன்படுத்துகிற இந்த டெக்னிக்கல் ஆட்கள்தான்.

ஒரு பெட்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பழைய நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் ஜன்னல், அதில் ஒரு அடாப்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு மெஷினின் அடையாள எண்) மாற்றத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கே வருகிறார்கள். ஆனால் எதிரே வருவது ஒரு பட்டியல்: மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்குக்கான கிளையன்ட், ஃபைல் பிரின்டர் ஷேரிங், க்யூஓஎஸ் பேக்கட் ஷெட்யூலர், இன்னும் என்னென்னவோ, அவற்றுக்கு நடுவில் ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’. அதைத் தேர்ந்தெடுத்து மறுபடி ப்ராப்பர்டீஸ் அமுக்கினால்தான் முகவரி எழுதும் இடம் வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. முதல்முறை செய்பவருக்கு, என் ஐபி முகவரிக்கும் பிரின்டர் ஷேரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும்.

சம்பந்தம் இருந்தது, ஒரு காலத்தில். விண்டோஸ் 95 காலத்தில் டிசிபி/ஐபி என்பது பல புரோட்டோகால்களில், அதாவது கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறைகளில், ஒன்று. நெட்பியூயி இருந்தது, நாவெல் நெட்வொர்க்குகளுக்கு ஐபிஎக்ஸ்/எஸ்பிஎக்ஸ் இருந்தது. எந்த கார்டோடு எந்தப் புரோட்டோகாலை, எந்த கிளையன்டை, எந்த சர்வீஸைக் கட்டுவது என்பதே அன்றைய வேலை, அந்தப் பெட்டி அந்த வேலைக்காகப் பிறந்தது. மற்ற புரோட்டோகால்கள் வழக்கொழிந்து போயின, டிசிபி/ஐபி மட்டும் நின்றது, பெட்டியின் வடிவம் மாறவில்லை. இன்று நீங்கள் அதில் பார்ப்பது உள்ளே இருக்கும் நெட்வொர்க் அடுக்கின் வரைபடம். எழுதியவருக்கு அது இயல்பானது, அவர் மனசுக்குள் இருந்த படமே அதுதான். ஐபி மாற்ற வருபவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

1968ல் மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியாளர் ஒரு கட்டுரையில் எழுதியது இங்கே பொருந்துகிறது: ஒரு நிறுவனம் உருவாக்கும் சிஸ்டம், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற அமைப்பையே நகலெடுக்கும். இதை மெனுவுக்கும் நீட்டலாம். பவர் டீம் ஒரு பக்கம் எழுதும், டிஸ்பிளே டீம் ஒரு பக்கம் எழுதும். ‘லேப்டாப் மூடியை மூடினால் என்ன நடக்கவேண்டும்’ என்பது பவர் பக்கத்தில் இருக்கும், ஸ்கிரீன் சேவர் வேறெங்கோ இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கேள்வி ‘திரை ஏன் அணைகிறது’ என்ற ஒன்றுதான், அந்த ஒரு கேள்விக்கு மூன்று டீமின் வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு உதாரணம் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருள். ஸ்டைலைத் திறந்து எழுத்தளவை 14 ஆக்குகிறீர்கள், ஓகே கொடுக்கிறீர்கள், ஆங்கில வார்த்தைகள் பெரிதாகின்றன, தமிழ் 12லேயே நிற்கிறது. காரணம், அதில் ஆவணம் எழுதும் பகுதியான ரைட்டரின் உள்ளே ஒவ்வொரு எழுத்தும் மூன்று குடும்பங்களில் ஒன்றில் சேர்க்கப்படுகிறது: வெஸ்டர்ன், ஏஷியன், சிடிஎல் (எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வடிவம் மாறும் மொழிகள்). ஏஷியன் என்றால் அங்கே சீனம், ஜப்பானியம், கொரியன்; தமிழ் ஆசியாவில்தானே இருக்கிறது என்று அதில் போய்த் தேடினால் கிடைக்காது. தமிழும் அரபியும் இந்தியும் சிடிஎல் குடும்பம். ஃபான்ட், அளவு, போல்டு, மொழி எல்லாம் குடும்பத்துக்கு ஒரு தனி செட்டாக ஓடுகின்றன. சிடிஎல் வரிசை ஸ்டைல் பெட்டியில் தெரியவேண்டுமென்றால் முதலில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பக்கத்தில் சிடிஎல்லை டிக் செய்திருக்கவேண்டும். அந்த டிக் இல்லையென்றால் தமிழின் அளவை மாற்றும் பெட்டியே கண்ணில் படாது. இயல்பான தமிழ் ஃபான்டை வைக்கவேண்டுமா? அது மொழிப் பக்கத்தில் இல்லை, ரைட்டர் கிளைக்குக் கீழே ‘பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்’ என்ற இடத்தில். எழுத்துப்பிழைத் திருத்தி ‘ரைட்டிங் எய்ட்ஸ்’ பக்கத்தில். ஆட்டோகரெக்டோ ஆப்ஷன்ஸ் பெட்டியிலேயே இல்லை, அது டூல்ஸ் மெனுவில் தனியாக. ‘இந்தக் கம்ப்யூட்டரில் தமிழில் எழுதப்போகிறேன்’ என்ற ஒரு வாக்கியத்துக்கு நாலு வாசல்.

அதே மொழிப் பக்கத்தில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. இயல்பு மொழிகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குக் கீழே ‘இந்த ஆவணத்துக்கு மட்டும்’ என்ற பொருளில் ஒரு சின்ன செக்பாக்ஸ். நான் கேட்பதெல்லாம் இதைத்தான். எதுவரை செல்லும் என்பதை மாற்றும் இடத்திலேயே சொல்லிவிடுகிறது, முடிவையும் உங்களிடம் விடுகிறது. மற்ற பக்கங்களிலும் இப்படி இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

அப்புறம் இந்த ‘அட்வான்ஸ்டு’. ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் இருக்கிறது, ரவுட்டர் பக்கத்தில்கூட. பெயரைப் பார்த்தால் தேர்ந்தவர்களுக்கு என்று நினைப்போம். திறந்து பார்த்தால் அது வீட்டுப் பரண்: எந்த அறையிலும் வைக்க இடம் கிடைக்காத சாமான் எல்லாம் மேலே ஏறியிருக்கும். எக்செலின் அட்வான்ஸ்டு பக்கத்தில் கர்சர் திசை, படங்களின் தரம், கிரிட்லைன் நிறம், கணக்கிட எத்தனை த்ரெட் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விஷயங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் எது அட்வான்ஸ்டு?

சொற்களின் பக்கம் வந்தால் விண்டோஸின் குரூப் பாலிசியை, அதாவது நிறுவனம் தன் எல்லா மெஷினுக்கும் சேர்த்து விதி போடும் வசதியை, மிஞ்ச ஆளில்லை. ‘டர்ன் ஆஃப் ஆட்டோபிளே’ என்று ஒரு பாலிசி; பென்டிரைவைச் செருகியதும் அது தானாக ஓடுவதுதான் ஆட்டோபிளே. அதற்கு மூன்று நிலை: நாட் கான்ஃபிகர்டு, எனேபிள்டு, டிஸேபிள்டு. ஆட்டோபிளே வேண்டாம் என்றால் ‘எனேபிள்டு’ கொடுக்கவேண்டும், அதாவது அணைப்பதை இயக்கவேண்டும். ஒரு நிமிஷம் யோசித்தால் புரிந்துவிடும், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு நூறு மெஷினுக்குப் பாலிசி போடுகிறவருக்கு அந்த ஒரு நிமிஷம் எங்கே கிடைக்கும்? மூன்று நிலை வைத்ததில் மட்டும் நியாயம் இருக்கிறது. நாட் கான்ஃபிகர்டு என்றால் நிறுவனம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மெஷினில் இருப்பது இருக்கட்டும் என்று பொருள். டிஸேபிள்டு என்றால் நிறுவனம் பேசிவிட்டது. சாதாரண செக்பாக்ஸில் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே காட்ட முடியாது, டிக் இல்லை என்றால் இல்லை அவ்வளவுதான்.

இவ்வளவு செட்டிங்குகள் எதற்கு, குறைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. நிறைய ஆப்ஷன்கள் பிறப்பது மீட்டிங்கில்: இப்படி இருக்கட்டும் என்று ஒருவர், அப்படி இருக்கட்டும் என்று இன்னொருவர், சண்டை எதற்கு, ஒரு செக்பாக்ஸ் வைத்துவிடலாம் என்று மூன்றாமவர். முடிவெடுக்க வேண்டியவர்கள் எடுக்காமல் நம் தலையில் கட்டிவிட்ட முடிவு அது. இருபது செக்பாக்ஸ் இருந்தால் பத்து லட்சத்துக்கும் மேல் சேர்க்கைகள், இரண்டின் இருபதாம் அடுக்கு. இத்தனையையும் யார் சோதிப்பது? 2002ல் வந்த, லினக்ஸில் பயன்படும் டெஸ்க்டாப்பான க்நோம் 2 இந்த வழியில்தான் போனது, ஆப்ஷன்களை வெட்டித் தள்ளியது. 2005ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கடுமையாகத் திட்டி, போட்டி டெஸ்க்டாப்பான கேடிஇக்குப் போங்கள் என்று எல்லோருக்கும் சொன்னார். 2013ல் ஃபயர்ஃபாக்ஸ் 23 ஜாவாஸ்கிரிப்டை அணைக்கும் செக்பாக்ஸைத் தன் பக்கத்திலிருந்து தூக்கியது, தெரியாமல் அதை எடுத்துவிட்டுத் தளங்கள் உடைந்துகிடக்கின்றன என்று புலம்புகிறவர்களை மனதில் வைத்து.

ஆனால் வெட்டிய செட்டிங் சாவதில்லை, இடம்பெயர்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அது அபவுட்-கான்ஃபிக் என்ற பட்டியலுக்குள் போய் உட்கார்ந்தது. க்நோமில் டீகான்ஃப் எடிட்டர், ட்வீக்ஸ் என்று தனி ஆப்கள் வந்தன. விண்டோஸில் செட்டிங் மதிப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி எப்போதும் இருக்கிறது. மேலே மெனு சுத்தமாகிவிடும், கீழே விளக்கமும் எச்சரிக்கையும் குறைவான இன்னொரு மெனு முளைக்கும். எங்கோ படித்துவிட்டு அங்கே ஒரு மதிப்பை மாற்றியவர், ஆறு மாசம் கழித்து ஏதோ உடையும்போது தான் மாற்றியதையே மறந்திருப்பார். குறைப்பது தப்பில்லை, ஆனால் குறைத்தது எல்லாம் ஒளித்தது ஆகிவிடக்கூடாது.

இன்றைக்கு எல்லோரும் கொடுக்கிற மருந்து தேடல் பெட்டி. லிப்ரே ஆபீஸும் 2024ல் வந்த 24.2 பதிப்பில் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஒன்றை வைத்துவிட்டது. உபயோகமானதுதான். ஆனால் தேடுவதற்கு நமக்கு அவர்கள் வைத்த பெயர் தெரிந்திருக்கவேண்டும். ‘தமிழ் ஃபான்ட்’ என்று தேடுகிறவருக்கு சிடிஎல் என்ற மூன்றெழுத்து எப்படித் தோன்றும்? தவிர, தேடல் இடத்தைக் காட்டும், எதுவரை செல்லும் என்பதைக் காட்டாது. எக்செலில் கால்குலேஷன் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தாலும், அது முதலில் திறந்த ஃபைலிலிருந்து வந்தது என்று அந்தப் பக்கம் வாய் திறப்பதில்லை.

வாய் திறக்கிற மென்பொருள்களும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் இது முடியாத காரியமில்லை என்று தெரியும். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் செட்டிங்ஸில் மேலே யூசர், ஒர்க்ஸ்பேஸ் என்று தனித்தனி டேப். யூசர் டேபில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஒர்க்ஸ்பேஸிலும் மாற்றப்பட்டிருந்தால் பெயருக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடும், அமுக்கினால் அங்கே கூட்டிப் போகும். நீங்கள் மாற்றியவை எவை என்று மட்டும் வடிகட்டியும் பார்க்கலாம். 2020ல் வந்த கேடிஇ பிளாஸ்மா 5.20, சிஸ்டம் செட்டிங்ஸில் இயல்பிலிருந்து மாறியவற்றைத் தனியாகக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது, எதையோ மாற்றிவிட்டேன் என்ன என்று தெரியவில்லை என்பவர்களுக்கு அது பெரிய உபகாரம். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் கான்ஃபிக் (செட்டிங்) பட்டியலைக் கேட்கும்போது ‘ஷோ-ஆரிஜின்’ என்று சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு மதிப்பும் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று வரிவரியாகச் சொல்லும். கமிட்டில் (அப்படிப் பதிவுசெய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும்) தப்பான மெயில் முகவரி போய்க்கொண்டிருக்கிறது என்றால் இந்த ஒரு கட்டளையில் குற்றவாளி சிக்கிவிடுவான்.

விண்டோஸிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆபீஸ் லேப்டாப்பில் ஏதாவது ஒரு செட்டிங் சாம்பல் நிறத்தில் உறைந்துபோய், மேலே ‘சில செட்டிங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி வரும், எந்த செட்டிங், எந்தப் பாலிசி என்று அந்த வரி சொல்லாது. ஆனால் ‘ஜிபிரிசல்ட்’ என்ற கட்டளையை அதன் எச்டிஎம்எல் ஆப்ஷனோடு ஓட்டினால் ஒரு முழு அறிக்கை வரும், ஒவ்வொரு பாலிசிக்கும் எதிரே ‘வின்னிங் ஜிபிஓ’ (ஜிபிஓ என்றால் ஒரு குரூப் பாலிசித் தொகுப்பு) என்ற கட்டத்தில் ஜெயித்தது எது என்று பெயரோடு இருக்கும். குரோமில் முகவரிப் பட்டியில் குரோம்-பாலிசி பக்கத்தைத் திறந்தாலும் அதே மாதிரி, பாலிசி எங்கிருந்து வந்தது, யாருக்குப் பொருந்தும் என்று தனித்தனிக் கட்டங்கள். விவரம் எல்லாம் உள்ளே தயாராக இருக்கிறது, கட்டளை தெரிந்த ஐடி ஆள் எடுத்துக்கொள்கிறார். சாம்பல் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் ஐடிக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.